மேல்மாடியும் கீழ்மாடியும்

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தி, ரோப்பில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட்காரரின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கை முழுக்க கிரீஸ், இன்னொரு கையில் டார்ச். டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அழுக்குப் படாத சுண்டுவிரலால் போனை இழுத்தெடுத்துக் காதில் வைத்தார்.

“சொல்லுங்க, எந்த பில்டிங்? எத்தனாவது மாடியில நிக்குது?”

“சார், வணக்கம். கட்சி நிதிக்குழுவிலேருந்து பேசறோம். நல்லா இருக்கீங்களா?”

லிஃப்ட்காரர் கண்ணை இறுக மூடித் திறந்தார். காலையிலிருந்து இது மூன்றாவது. “நல்லா இருக்கேன்மா. வேலையில இருக்கேன். வெச்சிடறேன்.”

“ஒரே ஒரு விஷயம் சார். கீழ்மாடிக்காரங்க கூப்பிட்டா தயவுசெஞ்சு எதுவும் குடுத்துடாதீங்க. அவங்க உண்மையான கட்சியே இல்ல.”

“சரி” என்று வைத்தார். எண்ணெய்க் கறையோடு போனைப் பைக்குள் திணித்து, துணியைக் கையில் எடுப்பதற்குள் மறுபடியும் அடித்தது. இம்முறை ஆண் குரல். கீழ்மாடி. மேல்மாடிக்காரர்கள் கூப்பிட்டால் எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்றது.

வேறு யாராக இருந்தாலும் தெரியாத எண்ணென்றால் எடுக்காமல் விட்டுவிடலாம். இவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊரில் நூற்றுச் சொச்சம் கட்டடங்களில் இவருடைய கம்பெனியின் லிஃப்ட்டுகள் ஓடின. ஒவ்வொன்றின் உள்ளேயும் பொத்தான்களுக்கு மேலே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். அதில் இவருடைய எண். மாட்டிக்கொண்டவர் எவரும் தன் போனிலிருந்துதான் கூப்பிடுவார். அந்த எண் இவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆக, அடித்தால் எடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

கட்சிக்கு எண் போன கதையும் பெரிய கதையில்லை. போன தேர்தலின்போது அவருடைய மச்சினன் தெருமுனையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். “மாமா, உங்களால முடிஞ்சது குடுங்க, இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்து” என்றான். லிஃப்ட்காரர் யோசிக்கவேயில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரிக்குக் கதவிடுக்கில் இரண்டு விரல் போனது. கம்பெனி கையை விரித்தபோது, நஷ்ட ஈட்டுக்காக ஒன்றரை வருஷம் காசு வாங்காமல் வாதாடியவர் அந்தக் கட்சி வக்கீல். அன்றிலிருந்து லிஃப்ட்காரர் வீட்டு ஓட்டு வேறெங்கும் போனதில்லை. கொடுத்தார், கையெழுத்தும் போட்டார்.

அதன்பிறகு கட்சித் தலைவர் உடம்பு முடியாமல் விலகினார். காலியான நாற்காலிக்குத் துணைத் தலைவருக்கும் பொதுச் செயலாளருக்கும் இழுபறி. கட்சி அலுவலகம் கட்சிக்கே சொந்தமான ஐந்து மாடிக் கட்டடமொன்றில் நாலாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் இருந்தது. துணைத் தலைவர் ஆட்கள் மேலே போய்ப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள், செயலாளர் ஆட்கள் கீழே. ஊர் அவர்களுக்கு மேல்மாடி, கீழ்மாடி என்று பேர் வைத்துவிட்டது. எல்லாவற்றையும் பங்கு போட்டவர்கள் உறுப்பினர் பட்டியலை மட்டும் பங்கு போடவில்லை. ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டார்கள்.

“பேசாம ரெண்டு பேரையும் ஒரே லைன்ல கோத்து விட்டுட்டு நீங்க போனை வெச்சிடுங்க” என்றாள் அவர் மனைவி. கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க வாடிக்கையாளர் மூக்கில் ஃபிரேம் மாட்டிக் கழற்றுகிறவள்; பொறுமை அதிகம், வாயும் அதிகம்.

“அதுக்கெல்லாம் என் போன்ல வசதி இல்ல.”

“உன் தம்பி பண்ண வேலைன்னு என்னைச் சொல்லப் போறீங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், என் தம்பி பண்ண வேலைதான்.”

மச்சினன் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய் வருஷம் இரண்டாகியிருந்தது. அவனைத் திட்டியும் பயனில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை என்ன அவசரமோ, இரண்டு மாடியும் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிட்டன. பதினோரு மணிக்குள் ஏழு தடவை. லிஃப்ட்காரர் ஒரு ஆஸ்பத்திரியின் மோட்டார் ரூமில் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கவனம் சிதறக்கூடாத வேலை. எட்டாவது தடவை அடித்தது. திரையைப் பார்த்தார், காலையில் வந்த எண்களைப் போலவே தொடங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக, எடுக்காமல் வெட்டினார். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினார். அதில் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது.

அரைமணி நேரம் கழித்துக் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். “எங்கய்யா இருக்கே? நூலகத்துக்குப் பின்னாடி குடியிருப்புல ஆள் மாட்டிட்டு இருக்காங்க. உனக்கு அடிச்சு நீ எடுக்கலேன்னு ஆபீசுக்கு அடிச்சிருக்காங்க.”

பிரேக்கை எப்படிப் பூட்டினார், எப்படி வண்டியை எடுத்தார் என்று பிற்பாடு அவருக்கே ஞாபகமில்லை. போய்க் கதவைத் திறந்தபோது மொத்தம் ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மகள். பெரியவரின் வேட்டி முழுவதும் நனைந்திருந்தது. நாற்காலிக்கடியிலும் ஈரம். மகள் தன் துப்பட்டாவை அவர் மடியில் போர்த்தியிருந்தாள். சத்தம் போடுவாள் என்று லிஃப்ட்காரர் எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தேவலை.

“உங்களுக்கு ரெண்டு தடவை அடிச்சேன்” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அவர்கள் வீட்டுக்குப் போனார். பெரியவர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். கட்சி போன் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னபோது அது எவ்வளவு அற்பமான காரணமாக ஒலிக்கிறது என்பது அவருக்கே கேட்டது.

“உட்காருப்பா” என்றார் பெரியவர். “உன்மேல கோவமில்ல. பெத்த பொண்ணு முன்னாடி அப்படி ஆயிடுச்சேன்னுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. அதுவும் சரியாப் போயிடும்.” பிறகு பேப்பரை மடித்துக்கொண்டே, “எனக்கும் அடிக்கிறானுங்க. நான் காது கேக்காத மாதிரி திரும்பத் திரும்ப யாருன்னு கேப்பேன். அவனே வெச்சிடுவான்” என்றார்.

மகள் சிரிக்கவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். லிஃப்ட்காரர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இறங்கினார். வண்டியை நேரே கட்சி அலுவலகத்துக்கு விட்டார்.

அங்கே லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவின்மேல் ‘பழுது’ என்று எழுதி ஒட்டிய காகிதம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. படியேறினார். மூன்றாம் மாடியில் கீழ்மாடிக்காரர் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அன்பாக உட்கார வைத்தார்.

“உங்க நம்பரை எடுக்கணும், அவ்வளவுதானே? தாராளமா. ஆனா மூலப் பட்டியல் மேல இருக்கு. அங்க எடுத்தாத்தான் இங்க எடுக்க முடியும். நாங்க மட்டும் எடுத்தா, பட்டியலைத் திருத்தினோம்னு அவங்க கேஸ் போட்டுடுவாங்க.”

நாலாம் மாடியில் மேல்மாடிக்காரர், அதைவிட அன்பு. “மூலப் பட்டியல் எங்ககிட்டதான் இருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா நீக்கறதுன்னா பட்டியல் குழு கூடி முடிவெடுக்கணும். குழுவுல பாதிப் பேர் கீழ இருக்காங்க. கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க.”

“நீங்க கீழ போங்களேன்.”

“அது எப்படிங்க? நாங்க போனா அவங்களை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?”

லிஃப்ட்காரருக்கு ஒரு மாடி தூரம் எவ்வளவு என்று அளந்து சொல்லத் தெரியும். இந்த ஒரு மாடி அவர் கணக்குக்குள் வரவில்லை. படியிறங்கத் தொடங்கினார்.

மூன்றாம் மாடிக்குக் கீழே படித் திருப்பத்தில் ஒரு பெண்மணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. மடியில் காகிதக் கட்டு, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். “கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க சார், எழுந்திருக்க முடியல” என்றார்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் கேட்கிற குரல்.

“நீங்கதானே எனக்கு போன் பண்றது?”

அவரும் இவர் குரலைக் கேட்டுக் கண்ணை விரித்தார். “எந்த பில்டிங், எத்தனாவது மாடின்னு கேப்பீங்களே, அந்த சாரா? ஐயோ, உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நாளைக்கு நூறு பேர் திட்டுவாங்க. நீங்க ஒருத்தர்தான் திட்டாம வைப்பீங்க.”

கட்சிக்குள் அவரை டெலிபோன் அக்கா என்பார்கள். ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். ஓய்வு பெற்ற மறுவாரமே இங்கே வந்துவிட்டாராம். சம்பளம் கிடையாது.

“நீங்க மேல்மாடியா, கீழ்மாடியா அக்கா? ரெண்டுக்கும் பேசற மாதிரி இருக்கே.”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “காலையில கீழ, மத்தியானம் மேல. ரெண்டு பேரும் கூப்பிட்டாங்க. யாருக்குன்னு மாட்டேன்னு சொல்றது? எனக்குக் கட்சி ஒண்ணுதான். அவங்க எழுதிக் குடுக்கறதைப் படிக்கிறேன். மனசு கேக்காது, ஆனா படிக்கிறேன்.”

லிஃப்ட்காரர் படியில் உட்கார்ந்தார். கோபத்தோடு வந்தவர்தான், ஆனால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் எதைக் காட்டுவது? பெரியவர் கதையைச் சொன்னார். வேட்டியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாமென்று நினைத்தார். கடைசியில் அதையும் சொல்லிவிட்டார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. காகிதக் கட்டைப் புரட்டி அவருடைய எண்ணைத் தேடியெடுத்தார்.

“என் தாளுல இப்பவே அடிச்சிடறேன். ஆனா திங்கட்கிழமை புதுசா அச்சடிச்சுக் குடுப்பாங்க. அதுல மறுபடி இருப்பீங்க.” பேனாவால் ஒரு கோடு போட்டார். “ஞாயித்துக்கிழமை உறுப்பினர் கூட்டம் இருக்கு. நீங்க ஃபாரத்துல கையெழுத்துப் போட்டப்பவே உறுப்பினர் ஆயிட்டீங்க. வந்து சொல்லுங்களேன்.”

“நானா? எனக்கு மேடையில பேச வராது.”

“மேடையெல்லாம் வேண்டாம். இருந்த இடத்துலேருந்து சொல்லுங்க. இப்ப எனக்குச் சொன்ன மாதிரி.”

எழுந்திருக்க அக்காவுக்குக் கை கொடுத்தார். அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. “இந்த லிஃப்ட் எத்தனை நாளா இப்படிக் கிடக்கு?” என்றார். எட்டு மாதம் என்றார் அக்கா. சர்வீஸ் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று இரண்டு மாடிக்கும் தகராறு. கையெழுத்துப் போட்டவர்தான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் என்றாகிவிடுமாம்.

லிஃப்ட்காரர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டார். “பழைய கஸ்டமர்தானேய்யா, ஒரு தடவை சும்மா பாத்துட்டு வா, ஒப்பந்தம் திரும்பக் கிடைச்சாலும் கிடைக்கும்” என்றார் அவர். பையை எடுத்துவந்து பார்த்தால், பெரிய கோளாறு ஒன்றுமில்லை. தரைத்தளத்துக் கதவு ஓடும் பள்ளத்தில் பழைய தேர்தல் நோட்டீஸ்கள் மிதிபட்டு, நனைந்து, கல் மாதிரி இறுகிக் கிடந்தன. கதவு ஒரு விரல்கடை மூடாமல் நின்றால் லிஃப்ட் நகராது, நகரவும் கூடாது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியெடுத்தார். எட்டு மாதம் நின்ற வண்டி என்பதால் பிரேக், ரோப், மேலும் கீழும் உள்ள சுவிட்சுகள் எல்லாவற்றையும் பார்த்து, காலியாகவே இருபது தடவை ஓட்டிவிட்டுத்தான் அக்காவை ஏற்றினார். அக்கா உள்ளே நின்று கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு மேலே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூட வந்தாள். “நீங்க பேசாம திரும்பி வந்துடுவீங்க. அதைப் பாக்கவாவது ஒரு ஆள் வேணும்” என்றாள்.

பள்ளிக்கூட அரங்கம். முந்நூறு பேர் இருக்கும். இடப்பக்கம் ஒரு அணி, வலப்பக்கம் ஒரு அணி. நடுவில் எந்தப் பக்கமும் சேராத கூட்டம்தான் அதிகம். கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவது என்பதில் முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் இரண்டு நாற்காலி போட்டுத் துணைத் தலைவரையும் பொதுச் செயலாளரையும் உட்கார வைத்தார்கள். உடனே மேல்மாடிக்காரர் எழுந்து, எட்டு மாதமாக முடங்கிக் கிடந்த லிஃப்ட்டைத் தங்கள் அணியின் விடாமுயற்சியால் இயக்கிக் காட்டியதாகச் சொன்னார். கீழ்மாடிக்காரர் துள்ளி எழுந்தார். லிஃப்ட்டுக்கு ஏற்பாடு செய்தது தாங்கள்தான், தங்களிடம் தேதி போட்ட தீர்மானம் இருக்கிறது என்றார். ஒருவரை ஒருவர் பொய்யன் என்றார்கள். மைக்குக்கு இழுபறி.

லிஃப்ட்காரருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மனைவி அவர் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். எழுந்தார்.

“லிஃப்ட்டைச் சரி பண்ணது நான்” என்றார்.

மைக் இல்லை. ஆனாலும் மோட்டார் ரூமில் கத்திப் பழகிய குரல். அரங்கம் திரும்பிப் பார்த்தது.

“யாரும் என்னைக் கூப்பிடல. அந்த அக்காவால படியேற முடியல, அதனால பண்ணேன். நான் அங்க வந்தது வேற விஷயத்துக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கியது. “எனக்கு தினமும் உங்க போன் வருது. மேலேருந்து வருது, கீழேருந்து வருது. பணம் வேணும்னு கேக்கறது தப்பில்ல. நானும் குடுத்திருக்கேன். ஆனா நீங்க கேக்கறது அடுத்தவனுக்குக் குடுக்காதேன்னுதான். செவ்வாய்க்கிழமை உங்க போனுன்னு நெனச்சு நான் ஒரு போனை எடுக்கல. அது லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க. வயசானவர். ஐம்பது நிமிஷம் அந்தப் பெட்டிக்குள்ள இருந்தார். அவர் என்ன பாடு பட்டார்னு இங்க சொல்ல மாட்டேன். நான் எடுக்காதது என் தப்பு. அதுக்கு உங்களைச் சொல்லல. என் நம்பரை எடுங்கன்னு கேட்டேன். மேல கேளு, கீழ கேளுன்னாங்க. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க. எடுத்துடுங்க.”

உட்கார்ந்துவிட்டார். காது மடல் சுட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். “என் நம்பரையும் எடுங்க” என்றார். “என்னுதும்” என்றார் ஒரு தச்சர். பிறகு யார் யாரென்று தெரியவில்லை. நடுவில் இருந்த கூட்டம் முழுக்கக் குரல் எழுப்பியது. கேட்பவர் பெயரை அன்றைக்கே நீக்க வேண்டும் என்று யாரோ தீர்மானம் சொல்ல, கை தூக்கச் சொன்னார்கள். கை தூக்கியவர்களைப் பார்த்துவிட்டு இரண்டு தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, மற்றவர் தனக்கு முந்திவிடுவாரோ என்ற பயத்தில், இருவரும் ஒரே சமயத்தில் கை தூக்கினார்கள்.

டெலிபோன் அக்கா அரங்கத்தின் பின்னால் ஒரு மேசையைப் போட்டு இரண்டு பட்டியலையும் விரித்து உட்கார்ந்தார். வரிசை வாசல் தாண்டி நீண்டது. ஆட்கள் பேச்சும் சிரிப்புமாக நின்றார்கள். மேடையில் தலைவர் பதவிக்கான விவாதம் தொடங்கியபோது முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

“பரவாயில்லையே, பேசிட்டீங்க” என்றாள் மனைவி, வண்டியில் ஏறும்போது. அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

போன் நின்றது. முதல் சில நாட்கள் லிஃப்ட்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. அடிக்கும்போதெல்லாம் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு அதுவும் போனது. அக்கா இரண்டு மாடிக்கும் போவதை விட்டுவிட்டு, தன் வீட்டருகே குழாய்த் தண்ணீருக்காக மனு எழுதும் சங்கமொன்றில் சேர்ந்தார். அங்கேயும் அவர்தான் போன் பேசுகிறாராம். ஆனால் கேட்பது தண்ணீர் வந்ததா என்று. மேல்மாடியும் கீழ்மாடியும் தேர்தல்வரை ஒட்டவில்லை. நீதிமன்றம் கட்சிச் சின்னத்தை மேல்மாடிக்குக் கொடுத்தது. கீழே இருந்தவர்கள் வேறு சின்னத்தில் நின்றார்கள். வாக்குச் சீட்டில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அவற்றுக்குக் கீழே இன்னும் நாலைந்து பேர்.

தேர்தலன்று காலையில் கணவனும் மனைவியும் வரிசையில் நின்றார்கள். முன்னால் மனைவி போனாள், பிறகு அவர். அவள் சட்டென்று வெளியே வந்துவிட்டாள். அவர் வரக் கொஞ்சம் நேரமானது. வேப்பமரத்தடியில் காத்திருந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“யாருக்குப் போட்டீங்க?”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீ கேட்டதில்லையே.”

“அப்பல்லாம் கேக்காமலே தெரியும். இப்ப தெரியலையே.”

லிஃப்ட்காரர் விரலில் இருந்த மையை ஊதி உலர்த்தினார். “எனக்கும் உள்ள போற வரைக்கும் தெரியலை” என்றார்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கடை திறக்க இன்னும் அரைமணி இருந்தது. அவளை அங்கே இறக்கிவிட வண்டியைத் திருப்பினார்.